தலை நுழையாத பனியன்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குவது என் வேலை. அதோடு யாரும் சொல்லாமல் நானாக ஏற்றுக்கொண்ட வேலை ஒன்றும் உண்டு. கம்பெனிக்குள் எது மாறினாலும் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். தேதி, மாறியது என்ன, சொன்னது யார், காரணம் என்ன. "போன மாசம் இப்படியா வெட்டுனோம்?" என்று தினமும் நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த் தொடங்கியது அது. "டீ கிளாஸ் மாத்துனாக்கூட அம்மிணி எழுதிப்போடும்" என்று தையல்காரர்கள் சிரிப்பார்கள். உண்மைதான், அதையும் எழுதியிருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் மெட்ராஸ் கடைக்காரர் ஒருவருக்கு நாங்கள் அனுப்பிய பண்டல் திரும்பி வந்தது. உள்ளே ஒரு வரிக் கடிதம்: தலை நுழையவில்லை. முதலாளி ஒரு பனியனை உருவி அங்கேயே போட்டுப் பார்த்தார். காதோடு நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் கட்டிங் மாஸ்டர் பக்கம் திரும்பியது.

மாஸ்டர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். குடும்பத்தோடு இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"உங்க மேல கோவமில்லீங்க மாஸ்டர்" என்றார் முதலாளி. "ஆனா வெட்டுனது நீங்கதானுங்களே. நாளையிலிருந்து வேற ஆளைப் போட்டுக்கறனுங்க."

"நான் ஒரு நூல்கூடக் கொறைக்கலையே மொதலாளி" என்றார் மாஸ்டர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. நோட்டைப் பாத்துச் சொல்றனுங்க" என்றேன். முதலாளி தலையாட்டினார்.

மூன்று வருஷத்தில் நான்கு நோட்டு நிறைந்திருந்தது. முழுக்கப் படித்தால் பொழுது சாய்ந்துவிடும். அதனால் கழுத்து என்ற சொல் வரும் இடங்களை மட்டும் தேடி, அங்கங்கே துணித்துண்டைச் செருகினேன். ஏழு இடம் வந்தது. மாஸ்டர் சொல்லி மாற்றியது இரண்டு. இரண்டிலும் கழுத்தை அகலப்படுத்தியிருந்தார். குறைத்தது ஒரே ஒரு இடத்தில்தான், ரிப் என்னும் இழுபடும் துணியில் வெட்டும் கழுத்துப் பட்டியை. "கழுத்துப் பட்டி ஒரு அங்குலம் குறைப்பு. சொன்னது: செக்கிங். காரணம்: ரிப் துணி தொளதொள, கழுத்து அலையலையாக நிற்கிறது."

செக்கிங் என்றால் நான்.

நோட்டை மூடி வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தத் தேதியைப் பார்த்ததும் குழப்பமாக இருந்தது. அது போன தைப்பொங்கலுக்கு முன்னால் எழுதியது. அதற்குப் பிறகு எத்தனையோ பண்டல் போயிருக்கிறது, ஒன்றும் திரும்பவில்லை. இந்தப் பண்டல் வெட்டியது ஆடி மாதக் கடைசியில். அப்படியானால் நடுவில் வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும். அதில் கழுத்து என்ற சொல்லே இல்லாமல் இருக்கலாம்.

கழுத்தை விட்டுவிட்டேன். ஆடி மாதத்தை மட்டும் எடுத்து, ஒரு வரி விடாமல் வாசித்தேன். கத்தரிக்குச் சாணை பிடித்தது. தையல் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தியது. டீ நேரம் மாறியது. அடுத்த வரி: "ரிப் மெஷினில் பின்னல் இறுக்கியது. சொன்னது: ஃபிட்டர். காரணம்: ரிப் துணி தொளதொள."

எழுந்து நின்றுவிட்டேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றே! துணி தளர்ந்திருந்ததால் நான் பட்டியைக் குறைக்கச் சொன்னேன். அதே குறைக்காக மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் பின்னலை இறுக்கினார். துணி இறுகிய பிறகு பட்டியைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவர எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மாஸ்டர் தன்னிடம் சொல்லப்பட்ட அளவுக்கு வெட்டினார், அவ்வளவுதான்.

எல்லோரும் கேட்கும்படி இரண்டு வரிகளையும் வாசித்தேன். "இந்தச் செக்கிங்குங்கறது நாந்தானுங்க" என்றும் சொன்னேன். முதலாளி நோட்டைத் தன் பக்கம் திருப்பி இரண்டு வரியையும் படித்தார். பிறகு, "செரி, தெச்சுக் காட்டுங்க" என்றார்.

மாஸ்டர் பட்டியை ஒரு அங்குலம் கூட்டி வெட்டினார். தைத்து வந்ததும் சட்டைக்கு மேலேயே தலையில் மாட்டினார். வழுக்கிக்கொண்டு தோளில் இறங்கியது! தையல்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். யாரோ விசிலடித்தார். முதலாளி அதை வாங்கித் தானும் போட்டுப் பார்த்தார். முடி கலைந்து, முகமெல்லாம் சிரிப்போடு வெளியே வந்தார்.

"மாஸ்டர், அவசரப்பட்டுட்டனுங்க. மன்னிச்சுப்போடுங்க" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, இந்த மாதிரி நோட்டு இனி எல்லாச் செக்‌ஷன்லயும் இருக்கோணும். எப்படி எழுதறதுன்னு நீயே சொல்லிக் குடுத்துரு."

மாஸ்டர் என்னிடம் வந்தார். "உன் பேர நீயே வாசிச்ச பாரு, தாயி" என்றார். கத்தரியை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் நல்லூர் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். உட்காரவிடாத சந்தோஷம். திரும்பி வந்த பனியன்களுக்கெல்லாம் அந்த வாரமே பட்டி மாற்றி அனுப்பினோம். மெட்ராஸ் கடைக்காரர் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு, இன்னும் அத்தனை பனியன் வேண்டும் என்று எழுதினார்.