டெல்மர் வீட்டுப் பாதுகாப்பு ஏற்பாடுகள்

மிசூரி மாநிலத்திலேயே எங்கள் ஊரைப் போல் பத்திரமான ஊர் கிடையாது. யாரும் வாசலைப் பூட்டுவதில்லை. கார் சாவி காரிலேயே தொங்கும். அப்பேர்ப்பட்ட ஊரில் திருடனுக்காக அறைக்கு அறை துப்பாக்கி வைத்திருந்த மகான் எங்கள் டெல்மர் ஹட்டோ. கேஸ் லாரி ஓட்டுகிறவன், மனைவி போன பிறகு தனிக்கட்டை. சோபா இடுக்கில் ஒன்று, ரொட்டி டப்பாவில் ஒன்று, குளியலறைத் துண்டுகளுக்கு அடியில் ஒன்று. திருடன் எந்த அறைக்கு முதலில் வருவான் என்று சொல்ல முடியாதாம்.

ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிற இரண்டாம் திருத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பான். அரசியல் சட்டத்தில் வேறு திருத்தங்களும் இருப்பது ஐயாவுக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

"துப்பாக்கியப் பூட்டி வைக்கணுமாம்யா! திருடன் வந்து நிக்கிறப்ப, 'தம்பி, செத்த இரு, சாவியத் தேடிட்டு வரேன்'னு சொல்லவா?" என்று ஊர்க்கூட்டத்தில் கத்துவான்.

"சரி, வாசலையாவது பூட்டேன்யா," என்றேன் ஒருநாள், பக்கத்து வீட்டுக்காரனான நான்.

"வாசலப் பூட்டினா அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?"

மகள் ஜெனெல் செயின்ட் லூயிஸில் அவசரப் பிரிவு நர்ஸ். குண்டு பாய்ந்த குழந்தைகளைத் தூக்கித் தூக்கிக் கை மரத்தவள். தன் மகள் மேசியை அவள் இந்த வீட்டுப் படி ஏற விட்டதே இல்லை.

"அப்பா, எல்லாத்தையும் பூட்டி வை. அப்பதான் கூட்டிட்டு வருவேன்."

"இது என் உரிமைடீ!"

"வெச்சுக்கோ. அந்த உரிமையோடயே உக்காந்து வான்கோழி தின்னு."

தின்றான், வருஷா வருஷம் நன்றித் திருநாளன்று, தனியாக. இந்த வருஷம் பேத்தி ஆசை வென்றுவிட்டது. இரும்புப் பெட்டி ஒன்று வாங்கினான். துப்பாக்கிக் கிளப் நண்பர்கள் பார்த்தால் மானம் போய்விடுமே! தார்ப்பாய் போட்டு மூடி, மான் கறிக்கு ஃப்ரீசர் என்று சொல்லி இறக்கினான். நானும் கூட நின்று வீடெல்லாம் துழாவிப் பெட்டியை நிரப்பினேன்.

"அவ்வளவுதானே?"

"சத்தியமா அவ்வளவுதான்யா."

நன்றித் திருநாளன்று ஜெனெல் மகளோடு வந்தாள். விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தான். பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். முதல் வகுப்புப் படிக்கும் மேசி அவன் மடியில் ஏறி உட்கார்ந்து தாடியைப் பின்னினாள். அந்த முரடன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மேசி கை கழுவப் போனாள். ஜெனெல் அடுப்படியில் இருந்தாள். வான்கோழியை அறுத்துக்கொண்டிருந்த டெல்மரின் முகம் திடீரென்று வெளுத்தது.

"வாஷிங் மெஷினுக்குப் பின்னால ஒண்ணு இருக்குய்யா," என்றான் என் காதில்.

"அடப்பாவி! மகள்கிட்ட சொல்லித் தொலை."

"சொன்னா இப்பவே கிளம்பிடுவா. நான் சத்தமில்லாம எடுத்துப் பெட்டிக்குள்ள வெச்சுடுறேன்."

புத்திசாலி! போய் எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தான். எதிரே மேசி.

குழந்தை கத்தவில்லை. அவன் கையைப் பார்த்தாள். எட்டி விளக்கை அணைத்தாள். கோட்டு மாட்டும் அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஓடிப்போய் அவன் கையிலிருந்ததைப் பிடுங்கினேன். "மேசி, தாத்தாடா கண்ணு," என்று டெல்மர் கதவைத் தட்டினான், மறுபடியும் தட்டினான். சத்தம் கேட்டு வந்த ஜெனெல் என் கையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"தட்டாதப்பா, வரமாட்டா. துப்பாக்கியோட ஆளு வந்தா வெளக்க அணைச்சுட்டு ஒளிஞ்சுக்கணும்னு ஸ்கூல்ல பழக்கியிருக்காங்க. தெரிஞ்ச குரல் கூப்பிட்டாலும் தொறக்கக் கூடாதாம்."

டெல்மர் தரையில் உட்கார்ந்து கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். "நான் கெட்டவன் இல்லம்மா, தாத்தாம்மா," என்று அழுதான்.

உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. பாடத்தை நன்றாகத்தான் படித்திருந்தாள்.