நாற்பத்தேழாவது பெட்டி

இதை யாராவது கதை என்று சொன்னால் ஜசிந்தா சண்டை போடமாட்டாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். ஏனென்றால் நடந்தது அவளுக்கு. அதுவும் ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், ஜூலை வெயிலில், பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது.

ஜசிந்தா போர்ச்சுகல்காரி. கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். கோடை விடுமுறையில் மூன்று வார வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதிப்போட்டிருந்தாள். போலந்தில், கிழக்கே ஒரு சின்ன ஊரில் இடம் கிடைத்தது. அங்கே பழைய மாதாகோயில் சுவரைப் பழுதுபார்க்கத் தோண்டியபோது நானூறு வருடத்துக் கல்லறைகள் வெளிப்பட்டிருந்தன. அந்த எலும்புகளைக் கழுவி, அடுக்கி, அளந்து, வயது சொல்லப் பழகுவதுதான் படிப்பு. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் புதைத்துவிடுவார்கள். விடுமுறையில் காலியாகக் கிடந்த ஊர்ப் பள்ளிக்கூடம்தான் ஆய்வுக்கூடம்.

அவள் அங்கே யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. பிப்ரவரியில் அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தது. ஏழாம் மாதம். உயிர் இல்லை. நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துப்போனபோது ஜசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியே அடக்கம் செய்துவிடட்டும் என்று அம்மா நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்; எங்கே என்றும் கேட்கவில்லை. குழந்தையின் அப்பா அதற்கு முன்பே விலகிப்போயிருந்தான். “மறந்துடு. படிப்பப் பாரு,” என்றாள் அம்மா. அவளும் படிப்பைப் பார்க்கத்தான் வந்தாள்.

முதல் நாள் சீட்டுக் குலுக்கினார்கள். ஜசிந்தாவுக்கு வந்தது குழந்தைகள் மேஜை.

“அதிர்ஷ்டக்காரிடி நீ,” என்றாள் பக்கத்து மேஜை இல்ஸெ. லாத்வியாக்காரி, வாயாடி. “குட்டி எலும்பு, அரை மணியில கழுவிடலாம். எனக்குப் பாரு, ஆறடி ஆளு வந்து படுத்திருக்கான். வீட்ல இருக்கற தம்பிக்கே நான் பாத்திரம் கழுவினதில்ல!”

எல்லாரும் சிரித்தார்கள். ஜசிந்தாவும் சிரித்தாள்.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரே ஒரு சின்னப் பெட்டி மிச்சமிருந்தது. அதில் எண் இல்லை.

“லேபிள் உரிஞ்சு விழுந்திருக்கும்,” என்றார் பேராசிரியர் ஹலீனா. “கடைசி நம்பர் நாப்பத்தாறு. நீ நாப்பத்தேழுன்னு எழுதிக்கோம்மா.”

தீக்குச்சி போன்ற விலா எலும்புகள். இடது தொடை எலும்பை அளந்தாள். ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். ஹலீனா குனிந்து பார்த்து, தன் கையாலேயே தாளில் குறித்தார்.

“ஏழு மாசம். மூச்சே விட்டிருக்காது, பாவம்.”

ஜசிந்தா வெளியே போய்க் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள்.

புதன்கிழமை மறுபடி அளக்கச் சொன்னார்கள். ஐம்பத்தைந்து.

“அளக்கவே தெரியல உனக்கு,” என்று இல்ஸெ அளவுகோலைப் பிடுங்கினாள். அளந்தாள். ஐம்பத்தைந்து. “அப்போ நம்ம மேடத்துக்குத்தான் கண்ணாடி மாத்தணும்.”

அடுத்த திங்கள், அறுபது.

இந்த முறை இல்ஸெ இரண்டு தடவை அளந்துவிட்டு அளவுகோலை மெல்ல வைத்தாள். பிறகு விரலை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

“வெயில்ல வெச்சியா இத?”

“இல்லயே. ஏன்?”

“சூடா இருக்கு.”

ஜசிந்தா தொட்டாள். மற்ற மேஜைகளின் எலும்புகள் கிணற்றுக் கல்போலச் சில்லென்றிருந்தன. இது... காய்ச்சல்கூட இல்லை. ஒரு உடம்பின் சூடு. அவ்வளவுதான்.

மேஜை இருந்தது வடக்கு ஜன்னலோரம். அங்கே வெயில் வருவதே இல்லை.

மறுநாள் பிற்பகல் மூன்று பத்து. தூரிகையால் மண் தட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து இல்ஸெ எட்டிப் பார்த்தாள்.

“ஏய், சட்டையெல்லாம் ஈரம். தண்ணி கொட்டிட்டியா?”

“ஆமா.”

தண்ணீர் இல்லை. கழிவறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். பால். பிப்ரவரியிலேயே மாத்திரை கொடுத்து வற்றவைத்த பால். ஐந்து மாதத்துக்குப் பிறகு, தானாக...

வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

புதனும் அதே மூன்று பத்து. வியாழனும்.

ஓடிப்போயிருக்கலாம். வேறு மேஜை கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. மதியம் மற்றவர்கள் சூப்பும் உருளைக்கிழங்கும் சாப்பிடப் போனபோது பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து போனால்தான் இன்னும் பயமாக இருந்தது. கடைசி வாரம் பெட்டியிடம் பேசவும் ஆரம்பித்தாள். மெதுவாக, போர்ச்சுகீஸில், யாருக்கும் கேட்காமல்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நாலு மணிக்குப் பஸ்.

மூன்று மணிக்கு ஹலீனா தாள்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். எலும்பை எடுத்தார். அளந்தார்.

“எழுபத்திநாலு. இது நிறைமாசக் குழந்தையாச்சே! எவன் ஏழு மாசம்னு எழுதினது?”

தாளைத் திருப்பினார்.

அவருடைய கையெழுத்து.

சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று ஒன்பது...

மூன்று பத்து.

அழுகுரல்.

ஒரே ஒரு தடவை. பிறந்த குழந்தை முதல் மூச்சை இழுத்து விடுமே, அந்தக் குரல்.

பத்துப் பேரும் தலை நிமிர்ந்தார்கள்.

“பூனையா?” என்றாள் இல்ஸெ.

ஜசிந்தா மேஜையைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு கையாலும் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தாள். தன் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மேலே போர்த்தினாள். நாலு மணிக்கு இல்ஸெதான் அவளைக் கைபிடித்து இழுத்துப் பஸ்ஸில் ஏற்றினாள்.

நவம்பரில் ஹலீனா தொலைபேசியில் அழைத்தார்.

“அந்தப் பெட்டிய எங்கேர்ந்து எடுத்தேம்மா?”

“கீழ்த்தட்டுல, மேடம். நீங்களும் பக்கத்துல நின்னீங்களே.”

“நின்னேன். ஆனா தோண்டின பதிவேட்ட மூணு தடவ பாத்துட்டேன். மொத்தமே நாப்பத்தாறு கல்லறதான். முதல் வாரமே எல்லாத்துலேர்ந்தும் ஒரு துணுக்கு எடுத்துக் காலம் கணிக்க அனுப்பினோம். மத்ததெல்லாம் நானூறு வருஷம். உன்னோடது...”

தொலைபேசியில் இரைச்சல்.

“உன்னோடது இந்த வருஷத்து எலும்புங்கறாங்க.”

ஜசிந்தா கட்டிலில் உட்கார்ந்தாள். ஒன்பது மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது.

“எங்க புதைச்சீங்க, மேடம்?”

“நாங்க புதைக்கல. நீங்க போன மறுநாள் காலையில பெட்டிங்கள எடுத்துட்டு ஃபாதரையும் கூட்டிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். உன் பெட்டிய ஃபாதர்தான் தூக்கினார். கனமே இல்ல. தொறந்து பாத்தா, காலி. துணிகூட இல்ல. குழி வெட்டறவர் முந்தின நாள் நாப்பத்தாறு குழிதான் வெட்டி வெச்சிருந்தார். அங்க நாப்பத்தேழு இருந்துது. அந்தச் சின்னது மட்டும் முன்னாடியே மூடியிருந்துது. யாரோ கையாலயே தட்டித் தட்டி மூடின மாதிரி. மண்ணுல விரல் பதிஞ்சிருந்துது, ஜசிந்தா. ஒரு பொம்பளையோட விரல்.”