அத்தையின் உயரமான வண்டி

என் அத்தையின் கையில் ஒரு பனியனைக் கொடுத்தால் போதும். எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவார். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிப் போட்டுவிட்டு அடுத்த பீஸை எடுப்பார். கம்பெனிக்கு அது சரி. வீட்டிலும் அதையே செய்தால் கூட இருப்பவர்கள் என்ன ஆவது? என் ஜடை ஒரு பக்கம் ஏறியிருக்கும், அப்பாவின் சட்டையில் இரண்டாவது பொத்தான் தளர்ந்திருக்கும், அம்மா வைத்த ரசத்தில் புளி தூக்கலாக இருக்கும். கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு இருந்த, அப்பாவின் ஒரே தங்கை. அந்தக் கண்ணுக்கு ஒருநாள் லீவு விடக் கூடாதா என்று பதினோரு வயதில் நான் வேண்டாத சாமியில்லை.

அந்த வருடம் கம்பெனியைப் பெருமாநல்லூர் தாண்டிச் சேவூர்ப் பக்கம் மாற்றினார்கள். தார் ரோடு ஓரிடத்தில் முடிந்துபோகும். அதற்கப்புறம் மூன்று கிலோமீட்டர் வெறும் மண்ணும் சரளையும். கம்பெனி வேன் தார் முடிகிற இடத்தோடு திரும்பிவிடும். அத்தையின் ஸ்கூட்டர் சக்கரம் புழுதியில் புதைந்து நின்றது. புது இடத்தில் செக்கிங் சூப்பர்வைசர் வேலை அத்தைக்குத்தான் என்று பேச்சு. காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அத்தை யோசித்துப் பார்த்துவிட்டு, வேலையை விட்டுப் போன ஒருவரிடமிருந்து ஒரு வண்டியை வாங்கிக்கொண்டு வந்தார். தாரிலும் ஓடும், மண்ணிலும் ஓடும், கட்டைகட்டையாக டயர் வைத்த பைக். சீட்டு என் நெஞ்சு உயரம் இருந்தது. அத்தையே குள்ளம். வாசற்படி ஓரமாக நிறுத்தி, படியில் ஏறி நின்றுதான் உட்காருவார். தெருவே வேடிக்கை பார்த்தது.

பழகுகிற நாளிலேயே இரண்டு தடவை விழுந்தார். காரணம் அந்தக் கண்தான். ரோட்டில் இருக்கும் ஒற்றைக் கல் அவர் கண்ணில் பட்டுவிடும், பட்டால் விடாது, வண்டியும் நேராக அதன் மேலேயே போய் ஏறும். அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"அம்மிணி, இன்னொருக்கா உழுந்தீனா வண்டிய வித்துப்போடோணும். ஆமா."

"செரிங்கண்ணா" என்றார் அத்தை.

அதோடு பிடித்தது சனியன் எனக்கு. என் பள்ளிக்கூடமும் அதே மண் ரோட்டில்தான் இருந்தது. பின் சீட்டு எனக்கு. அத்தை போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மண்ணில் ஓட்டும் வித்தையைக் கற்றுக்கொண்டார். தார் முடிந்ததும் இறங்கி, மண்ணில் வழுக்காமல் பிடிக்கட்டும் என்று டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவார். எனக்குப் பிரேயருக்கு நேரமாகிக்கொண்டிருக்கும், இங்கே புஸ்ஸென்று காற்றுப் போய்க்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் எனக்கு முழுக்கைச் சட்டை, ஷூ, ஹெல்மெட். வகுப்பில் என்னை விண்வெளி வீராங்கனை என்றார்கள். போதுமடா சாமி என்றிருக்கும்.

வழி முழுக்க அத்தை தனக்குத்தானே பேசிக்கொண்டே ஓட்டுவார். தூரம் பாரு, தூரம் பாரு. கையை இறுக்காதே. பின் சக்கரம் ஆடினால் ஆடட்டும், ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடாதே. முன் பிரேக்கைத் தொடாதே. எனக்கும் தனியாகப் பாடம் உண்டு.

"மூட்டையாட்டம் உக்காரு கண்ணு. நான் சாஞ்சா நீயும் சாயோணும். என்ன ஆனாலும் கால வெளிய நீட்டக்கூடாது, என்ற கையப் புடிக்கக்கூடாது."

தினமும் கேட்டால் எது காதில் ஏறும்? உம் கொட்டிக்கொண்டு வேலியோரத்து ஆடுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், நான்கு மாதம் அத்தை விழவில்லை. சூப்பர்வைசர் நாற்காலி கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது.

ஒருநாள் காலையில் வளைவில் யாரோ வீட்டுமனை போடுகிறவர்கள் புதுச் சரளையைக் கொட்டி நிரவியிருந்தார்கள். அத்தை வேகத்தைக் குறைத்து, நிதானமாகத்தான் உள்ளே விட்டார். பின் சக்கரம் வாலாட்டியது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. அத்தையின் வலது முழங்கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வண்டி இடப்பக்கம் சாய, இடது காலைத் தரையில் ஊன்றினேன். அடுத்த நொடி மூன்று பேரும் சரளையில் கிடந்தோம், வண்டியையும் சேர்த்து. என் டிபன் பாக்ஸ் உருண்டுபோய்த் தக்காளிச் சோறு மண்ணோடு கலந்தது.

அத்தை எழுந்து என்னிடம்தான் ஓடி வந்தார். முன்னால், பின்னால், கை, காலர் என்று பனியனைத் திருப்புவதுபோல் என்னைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய மணிக்கட்டு அதற்குள் வீங்கிவிட்டது.

"ஏங்கண்ணு, கால..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அழத் தயாராக உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். "கால்ல அடி பட்டுச்சா?" என்று முடித்தார்.

சாயந்தரம் வீட்டில் விசாரணை. அப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார், அம்மா என் முழங்காலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார். எப்படி விழுந்தீர்கள் என்று அப்பா என்னைத்தான் கேட்டார். எத்தனை நாள் என்னைக் குறை சொன்ன அத்தை! எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அத்தை கல்லையே பாத்துட்டு ஓட்டுனாங்கப்பா. நாந்தான் காலை ஊனுனேன். இல்லீனா இன்னும் பலமா உழுந்திருப்போம்."

அம்மா என் தலையைத் தடவினார். "என்ற புள்ளைக்கு எவ்வளவு சூதானம்!" என்று அப்பா பூரித்துப்போனார். அன்றைக்கு எனக்கு ஒரு முட்டை கூடுதல். அத்தை என்னையே பார்த்தார். செக்கிங் மேசையில் பார்ப்பாரே, அதே பார்வை.

"ஆமாங்கண்ணா. கல்லப் பாத்துப்போட்டேன்" என்றார்.

ஒரே வாரத்தில் அவிநாசிக்காரர் ஒருவர் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அத்தை தார் முடிகிற இடத்திலிருந்து கொஞ்ச நாள் நடந்து பார்த்தார். நேரத்துக்குப் போக முடியவில்லை. நாற்காலி இன்னொருத்திக்குப் போனது. பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன யூனிட்டில் மறுபடி சாதாரணச் செக்கிங்கில் சேர்ந்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். ஜெயித்துவிட்டதாக நினைத்து நான் பள்ளிக்கூட வேனில் போனேன், ஹெல்மெட் இல்லாமல்.

போன மாதம் அப்பாவை என் ஸ்கூட்டரில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய மண் ரோடு. வண்டி லேசாக ஆடியதுதான் தாமதம், அப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக் காலை ஊன்றினார். இருவரும் மண்ணில் விழுந்தோம். வேட்டியைத் தட்டிக்கொண்டே எழுந்தவர், பெருமையாகச் சொன்னார்.

"நல்லவேளைக்கு நான் காலை ஊனுனேன் கண்ணு."

"உங்கள யாருங்கப்பா ஊனச் சொன்னது? நீங்க புடிச்சு இழுத்துத்தான் உழுந்தோம்" என்று ரோடென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அன்றைக்குச் சரளையில் அத்தை பார்த்த என் முகம் நினைவுக்கு வந்தது. ஒரு நூல் பிசகினாலும் விடாத அத்தை, அன்றைக்கு எனக்கு மட்டும் அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டவில்லை. கைக்கு வரவிருந்த நாற்காலியும் வாசலில் நின்ற வண்டியும் போய்விடும் என்று தெரிந்தும் ஒட்டவில்லை. நானோ முட்டையைத் தின்றுகொண்டு, அத்தைக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.