டைப்பிஸ்ட் அம்மாவின் பழைய டேப்

பக்கவாதத்தில் விழுந்தவர்களைத் தேற்றி எடுக்கும் அந்த இல்லத்தில் அவனுக்கு 'சார்ஜர்' என்றுதான் பெயர். டாக்டர்கள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குவதுபோல அவன் கழுத்தில் எப்போதும் ஒரு சார்ஜர் வயர் தொங்கும். சிஸ்டர்கள் வைத்திருக்கும் போன்கள், நோயாளிகள் மடியில் இருக்கும் டேப்லெட் கணினிகள், சுருக்கமாக டேப்கள், மொத்தம் நாற்பத்தொன்றும் அவன் பொறுப்பு. பேச்சு போனவர்களுக்கு அந்த டேப்தான் வாய். திரையில் படம் போட்ட கட்டத்தைத் தொட்டால் அது பேசும். 'தண்ணி வேணும்', 'வலிக்குது', 'சிஸ்டர்', 'போங்க', இப்படி நாற்பத்தெட்டுக் கட்டங்கள்.

எல்லாம் கிழடு தட்டிப்போயிருந்தன. ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். "எதை மாத்தணும், எதை பேட்டரி போட்டு ஓட்டலாம்னு நீயே முடிவு பண்ணிடுப்பா. எனக்கு இதுல அனா ஆவன்னா தெரியாது."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பதினான்கு வருஷத்தில் ஒரு முடிவை அவன் கையில் யாரும் கொடுத்ததில்லை. பேட்டரி மாற்றினால் போதும் என்பதற்குப் பச்சை ஸ்டிக்கர், தூக்கிப்போட வேண்டியதற்குச் சிவப்பு. நோயாளிகள் டேப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு உடற்பயிற்சிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அறை அறையாக ஏறி இறங்கி, வயசு, விரிசல், பேட்டரி மூன்றையும் பார்த்து ஒட்டினான். "ஆள் இல்லாதப்ப பண்ணா தொணதொணப்பு இல்ல பாருங்க, ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டேன்" என்று சிஸ்டரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தான்.

பதினொன்றுக்குச் சிவப்பு விழுந்தது. அதில் ஒன்று டைப்பிஸ்ட் அம்மாவுடையது. முப்பத்தோரு வருஷம் ஏதோ அலுவலகத்தில் விசைகளைப் பார்க்காமலே தட்டிய கை. வலது கையும் பேச்சும் போனபிறகு இடது கையால் டேப்பையும் அப்படித்தான் தட்டுவார். முகம் எதிரே இருப்பவரைப் பார்த்திருக்கும், விரல் தானாகப் போகும். அவனோ பார்த்தது மூலையில் இருந்த விரிசலை மட்டும்தான்.

புது டேப்பில் எல்லாக் கட்டங்களையும் ஒன்று விடாமல் ஏற்றினான். புதுச் செயலி அவற்றைத் தன் இஷ்டத்துக்கு வேறு வரிசையில் அடுக்கியிருந்தது. கட்டம்தான் எல்லாம் இருக்கிறதே, எங்கே இருந்தால் என்ன என்று விட்டுவிட்டான்.

மறுநாள் காலை கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா அவனை நிமிர்ந்து பார்த்து டேப்பின் கீழ் மூலையைத் தட்டினார்.

"வணக்கம்" என்றது டேப்.

"வணக்கம்மா! எப்படி, புதுசு பளபளன்னு இருக்கா?"

"வணக்கம்." உடனே மறுபடியும், "வணக்கம். வணக்கம்."

"என்னம்மா இது, எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா? என் ஓட்டு உங்களுக்குத்தான்!" என்று இடுப்பு வளையக் கும்பிட்டான். கூடமே சிரித்தது. அவர் தட்டத் தட்ட அவனும் கும்பிட்டான். நாலாவது கும்பிடுக்குக் குனிந்தபோதுதான் சக்கர நாற்காலிக்குக் கீழே தரை நனைந்திருப்பதைப் பார்த்தான்.

"கும்பிட்டது போதும்ண்ணே, நகருங்க" என்று சிஸ்டர் ஓடிவந்து அவர் மடியில் துண்டைப் போர்த்தினாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டே, "அந்த மூலையிலதான் கழிப்பறைக் கட்டம் இருந்துச்சு. நாலு வருஷமா அங்கதான். கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க" என்றாள்.

பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஆனால் பூமிக்கு அவன்மேல் என்ன அக்கறை? மாப் எடுத்து வந்து தரையை அவனே துடைத்தான். சிரித்தவர்கள் யாரும் அவன் பக்கம் பார்க்கவில்லை.

பழைய டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமென்றால், அதில் இருந்ததையெல்லாம் மாற்றிய அன்றைக்கே அழித்துவிட்டிருந்தான். நோயாளி விவரம் வெளியே போகக்கூடாது என்பது விதி. புதியதிலோ கட்டங்களை நகர்த்தவே முடியாது. பழையதற்குப் புது பேட்டரி போட்டான், பழைய செயலியை ஏற்றினான். நாற்பத்தெட்டுக் கட்டங்களும் வந்தன. எது எங்கே என்பது மட்டும் டைப்பிஸ்ட் அம்மாவின் விரலில்தான் இருந்தது. அவரோ இரண்டு நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மூன்றாம் நாள் கட்டிலோரம் போய் நின்றான். வரும் வழியெல்லாம் மன்னிப்பைத்தான் ஒத்திகை பார்த்திருந்தான். "அம்மா... இது எங்க இருந்துச்சுன்னு காட்டுறீங்களா?" என்றுதான் வந்தது.

சுவரிலிருந்து திரும்பினார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலைத் திரையில் வைத்தார். அவன் ஒவ்வொரு கட்டமாகப் பெயர் சொன்னான், விரல் போன இடத்தில் கட்டத்தை வைத்தான். கழிப்பறைக் கட்டம் வந்தபோது பெயர் சொல்லாமல் தானே நகர்த்தப் போனான். அவரே அவன் கையைத் தட்டிவிட்டுக் கீழ் மூலையைத் தொட்டார். முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

முடிந்ததும் டேப்பை மடிக்கு இழுத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் தட்டினார்.

"நீங்க. போங்க. சிஸ்டர். வரட்டும்."

"சரிம்மா" என்று எழுந்தான். சிஸ்டரை அனுப்பிவிட்டு நடையில் நின்றான். உள்ளே டேப் பேசத் தொடங்கியது. நிறுத்தாமல், மூச்சு விடாமல், இரண்டு நாள் பேச்சு. அதில் அவனும் இருப்பான், எப்படி இருப்பான் என்பதும் அவனுக்குத் தெரியும். காது சுட்டது. நின்று கேட்க யோக்கியதை இல்லை என்று நகர்ந்து, மேனேஜர் அறைக்கதவைத் தட்டினான்.

"சார், சிவப்பு ஒட்டுனதுல மிச்சம் பத்து பேர் இருக்காங்க. நான் யாரையும் கேக்கல."