அப்பா சொன்ன ஒரே பொய்

அப்பா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்லதைத்தான் எதிர்பார்ப்பீர்கள். அவரைப் பற்றிச் சொல்ல நல்லது நிறைய இருக்கிறது. என்னைப் பற்றிச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

அப்பா தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் பிறந்தவர். மீசை அரும்பிய வயதிலேயே கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கி, பாறை உடைப்பதில் பேர் வாங்கினார். பொய் சொல்லத் தெரியாதவர். சர்க்கரை நோய் வந்த பிறகும் ஜாங்கிரியைத் தின்றுவிட்டு, டாக்டரிடம் தானே போய்ச் சொல்லித் திட்டு வாங்கி வருவார். சுரங்கம் மூடியபின் சில வருடங்கள் காலை ரயிலில் பெங்களூர் போய் செக்யூரிட்டி வேலை பார்த்தார்.

இலங்கையில் போர் முடிந்த பிறகு, அங்கே வடக்கில் ரோடு போடும் வேலைக்கு ஒரு காண்ட்ராக்டர் அவரை அழைத்துப் போனார். ஊர் முழுக்க ராணுவத்தின் கையில் இருந்தது. ஊர்க்காரர்கள் முகாமில் இருந்தார்கள். ரோட்டுக்கு அடியில் நிரப்பக் கல் போதவில்லை என்று, கூரை போன வீடுகளின் சுவர்களை இடித்துக் கொட்டச் சொன்னார் காண்ட்ராக்டர். அப்பாவும் இடித்தார்.

ஒருநாள் ராணுவத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு டீச்சரம்மா தன் வீட்டைப் பார்க்க வந்தார். அங்கே அஸ்திவாரம் மட்டும்தான் இருந்தது.

“அண்ணை, நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடேக்க சுவர் நிண்டது. ஆர் இடிச்சது?”

பக்கத்தில் சிப்பாய் நின்றிருந்தான். “குண்டு வுழுந்து இடிஞ்சிருக்கும்மா” என்று சொல்லிவிட்டார் அப்பா. தமிழ் ஆள் சொல்கிறாரே என்று அந்தம்மா நம்பினார். ஊர்க்காரர்களை உள்ளே திரும்ப விடப்போவது தெரிந்தால் ஒரு வரி எழுதும்படி, தன் தம்பி வீட்டு முகவரியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

இங்கே திரும்பிய பிறகும் அது அவரை விடவில்லை. சோறு பிசைந்துகொண்டிருக்கும்போதே கை அப்படியே நின்றுவிடும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உட்காரவைத்து எழுதச் சொன்னார்: “சுவர இடிச்சது நாங்கதாம்மா. ரோட்டுக்குப் போட்டோம். நான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க.” கையெழுத்துப் போட்டு என்னிடமே கொடுத்தார்.

அப்போது நான் வேலை பார்த்தது அதே காண்ட்ராக்டரின் பெங்களூர் ஆபீஸில். விஷயம் வெளியே போனால் என் வேலை போய்விடும் என்று பயந்தேன். கடிதத்தைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, தபாலில் போட்டுவிட்டேன் என்றேன்.

“இன்னாடா, அந்தம்மா பதில் போட்டாங்களா?”

“இன்னும் இல்லப்பா.”

“கோவம் இருக்கும்டா. அவங்க வூடாச்சே.”

ஆஸ்பத்திரியில் பேச்சு குழறியபோதும் அதையே கேட்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொல்லி அழுதார். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். அவர் சொன்னது ஒரு பொய். நான் இரண்டு வருடம் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாறி மாறித் துணைக்கு இருந்த சித்தப்பாவுக்கும், ரத்தம் கொடுத்த அத்தை பிள்ளைகளுக்கும், காரியத்துக்கு வந்து நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. “சாவக் கெடக்கிற மனுசனுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா, இன்னா பொம்பள அது?” என்று நீங்கள் அன்று அந்தம்மாவைத் திட்டினீர்கள். நானும் கூட நின்று தலையாட்டினேன். அந்தம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை. கடிதத்தை இந்த வாரம்தான் தபாலில் சேர்த்தேன்.