முந்திரித்தோப்பில் செகண்ட் ஷிஃப்ட்

நல்லசாமி அண்ணன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் அவர் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதனால் சத்தியம் செய்தே சொல்வேன். சாப்பாட்டைக்கூடத் தட்டில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே சாப்பிடுவார். பார்க்கிற நமக்குப் புரையேறும்.

"அண்ணே, நாற்காலின்னா உங்களுக்கு அலர்ஜியா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"உக்காந்தா தூக்கம் வந்துரும் அகிலா. தூங்கிட்டா பெல்ட்டை யாரு பாக்கறது?" என்றார். அன்றைக்கு அவருக்கு வார லீவு!

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்ப்பது அவர் வேலை. வெட்டிய மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு பகலும் இரவும் ஓடுகிற ரப்பர் பட்டை அது. நின்றால் மேலே இருந்து கீழே வரைக்கும் எல்லாருக்கும் போன் பறக்கும். தாராபுரத்துப் பக்கத்திலிருந்து மீசை அரும்பிய வயதில் வேலைக்கு வந்தவர், அந்தப் பட்டையோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தார். இந்த மாசக் கடைசியில் ரிட்டயர்மெண்ட். பட்டை ஓடும், இவர் ஓட வேண்டியதில்லை. அதை யார் அவர் காலுக்குச் சொல்வது?

அவர் மனைவி ராஜாம்பாள் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கும் ஷிஃப்ட். ஹரிணி பிறந்தபோது ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் இவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் அக்கா செகண்ட் ஷிஃப்ட் கேட்டு வாங்குவாள், இவர் நைட் என்றால் அவள் பகல். எங்கள் டவுன்ஷிப்பில் பாதிக் குழந்தைகள் இப்படித்தான் வளர்ந்தன. இவர் சைக்கிளை உள்ளே தள்ளும்போது அவள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போவாள். வாசல் கேட்டருகே பிள்ளை கைமாறும். "பால் குடிச்சாச்சு", "காய்ச்சல் இல்லை", "தோசை மாவு பொங்கிருச்சு", அவ்வளவுதான் தாம்பத்தியம். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று டீச்சர் கேட்டதற்கு ஹரிணி, "ரெண்டு பேர் மிஸ். நானும் அப்பாவும், இல்லைன்னா நானும் அம்மாவும்" என்றாளாம். டீச்சர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

போன வருஷம் அக்கா ரிட்டயர் ஆனாள். இனி இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஒருவேளையாவது காபி குடிப்பார்கள் என்று நினைத்தேன். எங்கே! அவள் வீட்டிலிருக்கிற நேரமாகப் பார்த்து இவருக்கு வெளியே ஒரு வேலை முளைக்கும். பிளாக்கில் தண்ணீர் வராவிட்டால் இவர், கோயில் பொங்கலுக்கு வசூல் இவர், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வாழைமரம் கட்ட இவர். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. அவள் உள்ளே வந்தால் இவர் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் அந்த உடம்புக்குத் தெரியும்.

பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு வீடு கட்டி, பெயிண்ட் மட்டும் பாக்கி வைத்திருந்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அங்கே போவதாகப் பேச்சு. அதற்குள் பெங்களூரில் கட்டிக்கொடுத்த ஹரிணி மாசமாகி, "அம்மா, நீ இங்க வந்துரு" என்று தினமும் போன். அண்ணனோ அங்கே ஒருதரம் போய், ஃபிளாட்டில் நடக்க இடமில்லை, மூச்சு முட்டுகிறது என்று இரண்டு நாளில் திரும்பி வந்தவர்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பிளாக்கில் ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து கேம்ப் போகலாம் என்று கிளம்பியது. குள்ளஞ்சாவடி தாண்டி ஒரு முந்திரித்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து இளவழகன் என்ற பையன், பையன் என்ன, முப்பது வயசிருக்கும், கூடாரம் போட்டு நடத்துகிறான். குடி கிடையாது, குடும்பம் மட்டும். பிள்ளைகளுக்குக் கயிற்று ஏணி, பெண்களுக்குத் தனிக் குளியலறை, சாயங்காலம் கேம்ப் ஃபயர். ஏற்பாடெல்லாம் யார்? சொல்லவும் வேண்டுமா?

கிளம்புவதற்கு முதல் நாள் துணி காயப்போடும்போது அக்கா என்னிடம் சொன்னாள்.

"ரெண்டு நாள் அவரோட ஒரே எடத்துல இருந்து பாக்கறேன் அகிலா. கூட உக்கார முடியுதா, பேச்சு வருதான்னு. வந்துதுன்னா வடக்குத்து வீடு. வரலைன்னா நான் ஹரிணிகிட்டப் போயி அங்கியே இருந்துக்கறேன். ஞாயித்துக்கிழமை சொல்றேன்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன்."

"ஐயோ, என்னக்கா இது! அண்ணன்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா நடிப்பாரு. நீ வாயைத் தொறக்காதே."

என்னிடம் போய் இப்படி ஒரு விஷயத்தைக் கொடுக்கலாமா? அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு நெருப்பை மடியில் கட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. என் வீட்டுக்காரர் வெங்கடேஷ், "ஏன் இப்படித் தவிக்கிறே, பல்வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னே வேன் தோப்பில் நின்றது. முந்திரி பூத்திருந்தது. செம்மண்ணில் சருகு மெத்தை மாதிரிக் கிடந்தது. நாங்கள் அடடா என்று நிற்பதற்குள் அண்ணன் இறங்கி ஓடிவிட்டார். இளவழகன் மரத்தடி மரத்தடியாக, நிழல் பார்த்துப் போட்டிருந்த கூடாரங்களைப் பிடுங்கி, இரண்டு நேர் வரிசையாக நட வைத்தார். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, நடுவில் தெரு. அசல் எங்கள் பிளாக்!

"சார், இன்னா சார் பண்ணிகினு இருக்கீங்க? வெயிலு நேரா கூடாரத்துக்குள்ளார எறங்குமே!" என்று இளவழகன் பின்னாலேயே ஓடினான்.

"வரிசையா இருந்தாத்தான் தம்பி கண்ணுக்கு ஒழுங்கா இருக்கும்."

அப்புறம் விசில் அடித்து எல்லாரையும் கூப்பிட்டார். வேலையைப் பிரித்தார். மத்தியானச் சமையல், பாத்திரம் எல்லாம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். தண்ணீர், விறகு, கேம்ப் ஃபயர், ராத்திரிச் சாப்பாடு செகண்ட் ஷிஃப்ட். ஒரு ஷிஃப்ட் வேலை செய்யும்போது மற்றது ஓய்வு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கைதட்டினோம். பெயர்களை மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார்.

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், ராஜாம்மா. செகண்ட் ஷிஃப்ட், நான்."

அக்கா முகத்தைப் பார்த்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அட மனுஷா, மற்ற எல்லா வீட்டிலும் புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்துப் போட்டிருக்கிறாரே, தன் வீட்டை மட்டும் வெட்டிப் போடுவானேன்?

அக்கா சாம்பார் இறக்கி, பந்தி முடித்து, கை கழுவிவிட்டுப் பாயை விரித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள், நான் பார்த்தேன். ஷிஃப்ட் மாற விசில் அடித்தது. அண்ணன் எழுந்து, எழுந்து என்ன, எங்கே உட்கார்ந்திருந்தார், விறகுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் சாக்கு ஓட்டம் ஓடினார்கள், விழுந்தார்கள், அழுதார்கள், மறுபடி ஓடினார்கள். அண்ணன் அந்த வழியே குடத்தோடு போவதும் வருவதுமாக இருந்தார். போகும்போது ஒருதரம், "பால் வந்துருச்சு" என்றார். அக்கா, "சரிங்க" என்றாள். தோப்பு முழுக்கக் காற்றும் கூச்சலுமாக இருக்க, எனக்கு மட்டும் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நானும் இரண்டு தரம் வேனைச் சுற்றி வந்தேன்.

பொழுது சாயும் நேரம், விறகை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்து போனாள். எல்லாரும் வட்டமாக நின்றிருந்தோம்.

"ஏனுங்க, நானும் செகண்ட் ஷிஃப்ட்டுக்கே வந்துர்றேன். உங்ககூட வெறகு அடுக்கறேன்."

அண்ணன் நிமிரவே இல்லை. கையில் கட்டையோடு, நல்ல சிரத்தையாக, புத்தி சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட்டுல போயிட்டா வீட்டுல யாரு இருக்கறது?"

கொல்லென்று சிரிப்பு. வெங்கடேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அது வீடு இல்லண்ணே, துணிக் கூடாரம்! உள்ள ரெண்டு பாய்தான் இருக்கு!" அண்ணனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார்.

"வீட்டுல யாரும் இல்லீங்க" என்றாள் அக்கா. "பாப்பா பெரிசாயிருச்சு. கல்யாணமாகி மாசமா இருக்கறா."

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா கோபமாகச் சொல்லவில்லை. காய்ச்சல் இல்லை என்று கேட்டருகே சொல்வாளே, அந்தக் குரல்தான். சொல்லிவிட்டுத் திரும்பிக் கூடாரத்துக்குப் போய்விட்டாள். அண்ணன் கட்டையைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வேகமாக நடந்தார்.

நான் பின்னாலேயே போனேன். வாயைத் திறக்காதே என்றால் திறக்காமல் இருக்க நான் என்ன சாமியாரா? எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் கணக்கு, ஹரிணி, பெங்களூர், ஞாயிற்றுக்கிழமை பதில், எல்லாம். "இப்பப் போயி அக்கா பக்கத்துல உக்காருங்கண்ணே. ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா உக்காருங்க" என்றேன்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "எனக்கு என்ன பேசறதுன்னு தெரியாது அகிலா" என்றார். "ஆஸ்பத்திரியில அவ எந்த வார்டுல இருந்தான்னுகூட நான் கேட்டதில்லை. அவளைப் புடிக்காம இல்லை எனக்கு. சத்தியமா அவமேல உசிரு. பக்கத்துல போனா, நேரமாச்சு கெளம்புன்னு உள்ளுக்குள்ள என்னவோ தள்ளுது."

அந்த வார்த்தையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்குக் கேம்ப் ஃபயரை வெங்கடேஷ்தான் மூட்டினார். பாட்டுக்குப் பாட்டு நடந்தது. அண்ணன் நெருப்புக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டே இருந்தார், அக்கா இந்தப் பக்கம் யார் வீட்டுப் பிள்ளையையோ மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை உப்புமாவுக்கு அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்தார். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்! யாரும் கூப்பிடவில்லை. அவள் எதிரே மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தார். உரித்தார். எழுந்தார். வேலி வரைக்கும் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். இன்னொரு வெங்காயம். மறுபடி எழுந்தார். அக்கா தலையைத் தூக்காமல் நறுக்கினாள், ஆனால் அவர் போன ஒவ்வொரு தரமும் அவள் கத்தி நின்றதை நான் கவனித்தேன்.

ஹரிணியின் போன் வந்தது. அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அண்ணன் பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

"வர்றேன் கண்ணு" என்றாள் அக்கா. "அப்பாவுக்கு ரிட்டயர்மெண்ட் முடிஞ்ச மறுநா கெளம்பறேன். ஆமா, நான் மட்டுந்தான்."

போனை வைத்துவிட்டு அக்கா கத்தியை எடுத்தாள். அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார்.

"எப்ப வருவே?" என்றார்.

அக்கா கை அப்படியே நின்றுவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வீட்டில் இருந்தவர்கள். அவள் எப்போது வருவாள் என்று அவர் கேட்க வேண்டியதே இருந்ததில்லை. ஷிஃப்ட் முடிந்தால் வந்துவிடுவாள். இப்போதுதான், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அவருக்கு அது தெரியவில்லை.

"தெரியலீங்க" என்றாள். "போனா திரும்பி வரவே வேண்டாம்னுதான் நெனச்சேன்."

"ராஜாம்மா."

"நீங்க வந்து கூப்பிடுங்க. வேலை இருக்கு, வா, மாவு அரைக்கணும்னு இல்லை. சும்மா கூப்பிடுங்க. அன்னிக்கு வர்றேன்."

அண்ணன் கையிலிருந்த வெங்காயம் உருண்டு போனது. அதை எடுக்கக்கூட அவர் எழவில்லை. கழுவாத முகமும் சிவந்த கண்ணுமாக அவளையே பார்த்தார். தாலி கட்டிய நாளில்கூட அந்தப் பெண்ணை அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"அப்ப இப்பவே கூப்பிடறேன்" என்றார். "வா ராஜாம்மா."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு முகத்தைத் துடைத்தாள்.

"நான் இன்னும் போகவே இல்லீங்களே" என்றாள்.