பைப்படியில் முதல் நன்மைச் சட்டை

கொட்டாஞ்சேனையில் மெற்றில்டாவின் பொறாமைக்குத் தனி வெக்கை உண்டு. அவள் பக்கத்தில் வைத்த பால் அடுப்பில்லாமலே பொங்கியதை, அடுத்த வீட்டில் இருக்கிற நான் கண்டிருக்கிறேன். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும்.

அந்தப் பொறாமை முழுவதும் எதிர்வீட்டு ரபீக்கா மீதுதான். ரபீக்கா ஜன்னல் சீலை மாற்றினால் மறுநாளே இவள் வீட்டிலும் புதுச் சீலை தொங்கும். களுபோவில ஆஸ்பத்திரியில் ரபீக்காவுக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது, தனக்கும் வயிற்றில் ஏதோ உருளுகிறதென்று அங்கேயே போய்ப் படுத்தாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் விம்மி விம்மி அழுதாள்.

எல்லாம் ஒரு விவரணப் படத்தால் வந்தது. இருவரும் சிறுமிகளாக இருந்தபோது, பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையை எடுக்கிறோம் என்று சிலர் கமராவோடு தெருவுக்கு வந்தார்கள். படம் பிடிக்கிறார்கள் என்றால் வீட்டுச் சட்டையோடா நிற்பது? மெற்றில்டாவின் அம்மா மாதா கோவிலில் முதல் நன்மை வாங்குவதற்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, முக்காடும் வைத்து, பவுடர் அப்பி அனுப்பினார். கமராக்காரர் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒதுங்கி நிற்கச் சொன்னார். கிழிந்த கவுனோடு பைப்படியில் வாளி நிரப்பிய ரபீக்காவைத்தான் எடுத்தார்.

பிறகு அந்தப் படத்தை எவரும் காணவில்லை. ரபீக்கா மட்டும் கலியாண வீடு, மையத்து வீடு பாராமல் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

போன மாதம் அதன் ஒரேயொரு பிரதி எங்கோ வெளிநாட்டில் அகப்பட்டு, மாதா கோவில் மண்டபத்தில் போட்டார்கள். வரவே மாட்டேன் என்ற மெற்றில்டா முன்வரிசையில் இருந்தாள்.

"என்னப் பாக்கவா வந்த?" என்றாள் ரபீக்கா.

"இல்லையடி. வாளியைப் பார்க்க வந்தனான்."

கறுப்பு வெள்ளையில் தெரு விரிந்தது. ரபீக்கா குனிந்து வாளியைப் பிடிக்கிறாள். மண்டபம் கைதட்டியது. மெற்றில்டா கைப்பையைக் கசக்கினாள். அப்போது ரபீக்காவின் முதுகுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ கடந்தது. திரும்பவும் வந்தது. பிறகு நின்று, முக்காட்டைச் சரிசெய்து, கைகளைக் கூப்பியபடியே ரபீக்காவைப் பார்த்து நாக்கை முழுதாக நீட்டியது.

"அந்தப் பிள்ளையைத் திருப்பிப் போடுங்கோ!" என்று சனம் கத்தியது. திருப்பிப் போட்டார்கள்.

"என்ட படத்தப் பாழாக்கிட்டியே!" என்றாள் ரபீக்கா. "எல்லாரும் ஒன்னத்தானே பாக்குறாங்க!"

"உனக்கு ஏனடி இவ்வளவு பொறாமை?" என்று மெற்றில்டா தேன் வடியக் கேட்டாள்.

வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தவள், கேற்றடியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவளை மட்டும் கிட்டப் போய் எடுத்திருக்கிறாங்கள், பார்த்தனியா?"